மலையில் எழுத்து எழுதுகிறவர்களுக்கு: பேனை, கடதாசி, வர்ணம் பார்த்து வாங்குவது

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கும் தங்கச்சி மகள் போன மாதம் என் கடைக்கு வந்தாள். "மாமா, எனக்கும் உங்களைப்போல அழகா எழுத்து எழுதப் பழகணும். ஃபோன்ல முப்பது பேனை இருக்கிற செட் ஒண்ணு காட்டுறாங்க. வாங்கவா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று சொன்னதோடு விடாமல், அந்தக் காசுக்கு எதை எதை எந்த வரிசையில் வாங்கலாம் என்று அரை நாள் உட்கார்ந்து சொன்னேன். அன்றைக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் ஹட்டனில் பெயர்ப்பலகை எழுதுகிறவன். பரிசளிப்பு விழாக் காலத்தில் பாடசாலைச் சான்றிதழ்களில் பெயர் எழுதுவேன். திருவிழா வந்தால் தோட்டத்துக் கோயில்களுக்குத் துணியில் எழுதுவேன். அப்பா தேயிலை ஸ்டோரில் பெட்டிகளுக்கு ஸ்டென்சில் அடித்தவர். தோட்டத்தின் பெயர், பீ.ஓ.பீ., பீ.ஓ.பீ.எஃப். என்று தூளின் தரம், எடை, இன்வொய்ஸ் இலக்கம் எல்லாம் தகட்டில் வெட்டியிருக்கும். பிரஷில் வர்ணம் இருக்கிறதா என்று சந்தேகப்படும் அளவுக்குத் துடைத்துவிட்டுத்தான் தகட்டின் மேல் குத்துவார். ஈரம் கூடினால் வர்ணம் தகட்டுக்கு அடியில் ஓடி எழுத்து ஊதிப்போகும். நான் பார்த்துப் படித்த முதல் பாடம் அது.

பேனைப் பெட்டியிலும் வர்ண டின்னிலும் அச்சடித்திருக்கும் குறிப்புகள் பெரும்பாலும் உலர்ந்த காற்றையும் ஆங்கில எழுத்தையும் நினைத்து எழுதியவை. நமக்கு இரண்டுமே வேறு. மே மாதம் தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று. மூடிய அறைக்குள்ளும் கடதாசி தொய்ந்து கிடக்கும். எழுத்தோ சுழி நிறைந்த எழுத்து. ஆகவே எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் இரண்டே கேள்வி கேளுங்கள்: இந்த ஈரத்தில் இது காயுமா? இந்த முனையால் ண எழுதினால் சுழி அடைபடாமல் இருக்குமா?

பேனை

முதல் மாதம் காசு செலவழிக்க வேண்டாம். இரண்டு பென்சில்களைச் சேர்த்து, மேலும் கீழும் இறப்பர் பட்டி போட்டுக் கட்டுங்கள். இரண்டு கூரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒரு பென்சிலின் தடிப்பு ஏறக்குறைய 7 மி.மீ. என்பதால், 7 மி.மீ. அகல நிப் உள்ள பேனை ஒன்று இப்போது உங்கள் கையில் இருக்கிறது. எழுதும்போது இரண்டு கோடுகள் சேர்ந்தே ஓடும். எங்கே அவை விலகுகின்றன, எங்கே ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன என்று கண்ணுக்கு நேராகத் தெரியும். மைப் பேனையில் அந்த உள்விவரம் மறைந்துவிடும்.

பென்சில் முனைகள் கோட்டுக்கு 45 பாகையில் சாய்ந்திருக்கட்டும். ஆங்கில எழுத்துப் பாடங்களில் 30 பாகை என்று பல இடங்களில் சொல்வார்கள். 30 பாகையில் பிடித்தால் நிற்கும் கோடு தடித்து, கிடக்கும் கோடு மெலியும். நம்முடைய ட, ப, ம எல்லாம் நிற்கும் கோடும் கிடக்கும் கோடும் சந்திக்கும் எழுத்துகள். 45இல் பிடித்தால் இரண்டும் ஒரே தடிப்பாக வரும். ப நிமிர்ந்து நிற்கும். ட, ப, ம கைக்கு வந்த பிறகு க, த எழுதுங்கள். ண, ஞ, ஜ கடைசியில்.

இனி அளவு. இது நானே எழுதி எழுதிக் கண்ட கணக்கு: எழுத்தின் உயரம் நிப்பின் அகலத்தைப் போல் ஏழு மடங்காவது இருக்க வேண்டும். ஆங்கிலச் சிறிய எழுத்துக்கு ஐந்து மடங்கு போதும் என்பார்கள். ஐந்தில் மூன்று சுழி ண எழுதிப் பாருங்கள், சுழிக்குள் வெள்ளையே தெரியாது. தும்பிக்கை போட்ட பழைய ணை, லை இருக்கின்றனவே, 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கு முன்பு எங்கும் புழங்கிய வடிவங்கள், அவற்றை இப்போதும் சில பழைய கோயில் பலகைகளில் பார்க்கிறேன். "அதே எழுத்திலேயே திரும்ப எழுதித் தாங்க" என்று கேட்டு வருவார்கள். அதற்கு எட்டு மடங்கு வைப்பேன். அந்த எழுத்தை அப்படியே காப்பாற்றிக் கொடுக்கும்போது எனக்கு மனம் நிறைந்துவிடும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பைலட் நிறுவனத்தின் பேரலல் பேனை 1.5, 2.4, 3.8, 6.0 மி.மீ. அளவுகளில் வருகிறது. இரண்டு தட்டையான தகடுகளுக்கு நடுவே மை இறங்கும் அமைப்பு. 1.5இல் எழுத்து ஒரு சென்டிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான உயரம், 2.4இல் 17 மி.மீ., 3.8இல் ஏறக்குறைய 27 மி.மீ. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 2.4 வாங்குங்கள், பழகவும் வாழ்த்து மட்டை எழுதவும் பொருந்தும். சான்றிதழ் வேலைக்கு 1.5. ஆனால் பேனை வாங்கும் முன் சான்றிதழில் பெயருக்கு விட்டிருக்கும் இடத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். கி, கீ மேலே ஏறும், கு, கூ கீழே இறங்கும். அதற்கும் இடம் வேண்டும். நம் பிள்ளைகளின் பெயர்கள் நீளமும்கூட. அச்சிட்ட கோடு பெரும்பாலும் ஆங்கிலப் பெயரை நினைத்துப் போட்டதாகவே இருக்கும்.

இந்தப் பேனைக்குள் இந்தியன் இங்க் ஊற்றவே கூடாது. அதில் அரக்கு சேர்ந்திருக்கும், உள்ளே காய்ந்து இறுகினால் பேனை போய்விடும். அக்ரிலிக் மையும் அப்படித்தான். அவை தொட்டு எழுதும் நிப்புக்கு உரியவை.

தொட்டு எழுதும் நிப் புதிதாக இருக்கும்போது துருப் பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி வரும். அதோடு எழுதினால் மை நிப்பில் தங்காமல் ஒரே சொட்டாக விழும். நிறையப் பேர் "மை சரியில்ல" என்று மையைத் தூக்கி எறிகிறார்கள். நுவரெலியா உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து நிப்பை அதில் குத்தி கால் மணி நேரம் விடுங்கள். எண்ணெய் போய்விடும். பிறகு கழுவி உடனே துடைக்க வேண்டும். நம் காற்றில் ஈர நிப் ஒரே இரவில் துருப்பிடிக்கும்.

உளி முனை மார்க்கர் மலிவு, எந்தப் புத்தகக் கடையிலும் கிடைக்கும், பழக நல்லது. பிரஷ் பேனை வாங்குவதாக இருந்தால் முனை சிறியதும் இறுக்கமானதுமாகப் பாருங்கள். மெத்தென்ற நீள முனை ஆங்கிலக் கூட்டெழுத்துக்கு அழகு, நம் சுழிக்குள் அது திரும்பாது.

கடதாசி

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள், நினைவிருக்கும். அந்த வருஷம் முழுவதும் நான் பழைய சுவர் கலண்டர்களின் பின்பக்கத்தில் எழுதினேன். பழகுவதற்கு இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். பெரிய தாள், கனமான தாள், காசு இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் பளபளப்பு உள்ள கலண்டரில் மை காயாது. விரலால் தடவி, சொரசொரப்பாக இருப்பதை எடுங்கள்.

காசு கொடுத்து வாங்கும்போது உங்கள் பேனையைக் கையோடு கொண்டுபோங்கள். ஒரே ஒரு தாள் வாங்கி, கடை வாசலிலேயே ண எழுதுங்கள். இரண்டு நிமிஷம் பொறுங்கள். கோட்டின் ஓரத்தில் மயிர் முளைத்ததுபோல் மை கிளை விட்டால் அந்தத் தாள் உங்கள் மைக்கு ஆகாது. தாளைத் திருப்பி, பின்பக்கம் ஊறியிருக்கிறதா பாருங்கள். இந்தச் சோதனையை மழை நாளில் செய்வது இன்னும் நல்லது. பெப்ரவரியில் தேறிய தாள் ஜூலையில் தோற்றதை நான் பார்த்திருக்கிறேன்.

கனத்தை ஜீ.எஸ்.எம். கணக்கில் சொல்வார்கள், ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்பது. 80 ஜீ.எஸ்.எம். போட்டோகொப்பித் தாள் பென்சிலுக்கும் மார்க்கருக்கும் போதும். பேரலல் பேனைக்கு 120. தண்ணீர் வர்ணம் பூசி அதன் மேல் எழுதுவதென்றால் 300 ஜீ.எஸ்.எம். அளவில் வாங்குங்கள், அதற்குக் குறைந்தால் அப்பளம்போல் நெளியும். பிரிஸ்டல் போட் சுவர்ப் பத்திரிகைக்கு நல்லதுதான், ஆனால் நிறப் பிரிஸ்டல் போட் வெயிலில் சீக்கிரம் வெளிறும். நாள்பட வைத்திருக்க வேண்டியதை வெள்ளையில் எழுதுங்கள்.

தாளை வைப்பது வாங்குவதைவிடப் பெரிய வேலை. சின்ன வயதில் நாங்கள் லயத்தில் இருந்தபோது என் சித்திரத் தாள்களை அம்மா அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார். ஈரம் பிடிக்கவில்லை, உண்மை. ஆனால் மூன்று மாதத்தில் எல்லாம் புகை ஏறிப் பழுத்துப்போனது. இப்போது பழைய அலுமாரி ஒன்றின் அடித்தட்டில் குண்டு பல்ப் ஒன்று போட்டிருக்கிறேன், பழைய காலத்து மஞ்சள் பல்ப், எல்.ஈ.டி. பல்பில் அந்தச் சூடு வராது. மேல்தட்டில் தாள்கள், பல்பிலிருந்து ஒன்றரை அடி தூரத்தில். பல்ப் வைக்க வசதி இல்லாதவர்கள் சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிகா பைகளைச் சேர்த்து, தாளோடு பொலித்தீனில் சுற்றி பிஸ்கட் டின்னில் வையுங்கள்.

சான்றிதழ் வேலை எடுத்தால் மூன்று சான்றிதழ் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். அச்சகத்துத் தாள் பளபளவென்று இருந்தால் மை மேலேயே மிதக்கும். சாக்குத் தூளை மெல்லிய துணியில் முடிந்து பெயர் வரும் இடத்தில் இலேசாகத் தட்டித் துடைத்தால், கைபட்ட எண்ணெய்ப் பிசுக்கு போய் மை கொஞ்சம் பிடிக்கும். அதற்கும் பிடிக்கவில்லையானால் ஒயில் பெயின்ட் மார்க்கரில் எழுதுவதைத் தவிர வழி இல்லை.

மை

ஒருமுறை ஒரு பாடசாலைக்கு நூற்றுக்கும் மேல் பெயர் எழுதிக் கொடுத்தேன். விழா முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நேரம் மழை. அடுத்த நாள் காலை கொழுந்து எடுக்கப் போகும் வழியில் ஓர் அம்மா மகளின் சான்றிதழைக் கொண்டுவந்து காட்டினார். அச்சிட்ட எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. நான் எழுதிய பெயர் மட்டும் நீலக் கறையாக ஓடியிருந்தது. அந்தப் பிள்ளை வாங்கிய முதல் சான்றிதழாம். கூடுதலாக வைத்திருந்த ஒன்றில் உடனே எழுதிக் கொடுத்தேன். இன்றைக்கும் அந்தத் தாளை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

மையில் இரண்டு வகை. ஒன்று சாயம்: தண்ணீரில் முழுவதும் கரைந்திருக்கும், நிறம் துள்ளும், மழையில் ஓடும், வெயிலில் வெளிறும். மற்றது நிறமி: கரையாத நுண்ணிய தூள் மிதக்கும் மை, காய்ந்தபின் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பெட்டியில் பிக்மென்ட் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். கறுப்பென்றால் கரித்தூளில் செய்தது எல்லாவற்றையும்விட நிலைக்கும். ஊற்றுப் பேனைக்கென்று விற்கும் சாதாரண நீல மை பழகுவதற்கு மட்டும்.

போத்தல் சொல்வதை நம்பாமல் நீங்களே பாருங்கள். ஒரு தாள் கீற்றில் ஒவ்வொரு மையாலும் ஒரு வரி எழுதி ஒரு நாள் காயவிடுங்கள். பாதியை வெட்டிக் குழாய்த் தண்ணீரில் பிடியுங்கள். மறுபாதியில் ஒரு பக்கத்தைக் கறுப்புத் தாளால் மூடி யன்னல் கண்ணாடியில் ஒரு மாதம் ஒட்டிவையுங்கள். மலை உயர உயர வெயிலில் புற ஊதாக் கதிர் கூடும். குளிராக இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. சிவப்பும் மெஜெந்தாவும்தான் முதலில் போகும்.

வர்ணம்

போஸ்டர் கலர் மலிவு, பிள்ளைகளுக்கு நல்லது. ஆனால் காய்ந்த பிறகும் ஈரத்தில் திரும்பக் கரையும். மழைக் காலத்தில் தாளுக்கு மேல் தாள் அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டும். கூவாஷ் அதே குடும்பம், நிறமி கூடியது, விலையும் கூடியது. நிறத் தாளில் வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் கூவாஷை நிப்பில் தொட்டு எழுதுவதைப்போல் அழகு வேறெதிலும் வராது. பால் ஆடைபோல் ஓடும் பதத்துக்குத் தண்ணீர் விடுங்கள்.

அக்ரிலிக் காய்ந்தால் கரையாது. துணிக்கும் சுவருக்கும் அதுதான். ஒரு விஷயம் மட்டும்: ஏறக்குறைய 10 பாகை செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் ஒழுங்காகப் படலமாக இறுகாது. தண்ணீர் ஆவியாகிவிடும், வர்ணம் தூளாக நிற்கும், கையால் தேய்த்தால் வரும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் அங்கே பூப்பனி கொட்டும். அங்கே பின்னேரம் ஐந்து மணிக்குச் சுவரில் எழுதிவிட்டு வந்தால், காய்வதற்குள் குளிர் இறங்கிவிடும்.

தகரப் பலகைக்கு எனாமல். இதில் நான் பட்டதைச் சொன்னால் உங்களுக்கு ஒரு பலகை மிச்சம். தொழில் தொடங்கிய இரண்டாம் வருஷம் ஒரு தோட்டத்துக் கோயிலுக்குப் புத்தம்புது கல்வனைஸ் தகரத்தில் எழுதினேன். பளபளவென்ற தகரம், எதற்குப் பிரைமர் என்று அந்த அடிப்பூச்சை விட்டுவிட்டு நேராக எனாமலைப் பூசினேன். எட்டு மாதத்தில் வெங்காயத் தோல்போல் உரிந்து, அம்மன் பெயரில் பாதி தரையில் கிடந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது. கல்வனைஸ் தகரத்தின் மேலே இருப்பது நாகம், அதாவது சிங்க். எனாமலில் உள்ள எண்ணெய்ப் பசையும் நாகமும் சேர்ந்து நடுவில் சவர்க்காரம் மாதிரி ஒரு படலம் உண்டாகும். வர்ணத்துக்கும் தகரத்துக்கும் பிடிப்பு விட்டுப்போகும். நானே செலவழித்துத் திரும்ப எழுதினேன். இப்போது புதுத் தகரத்தைச் சலவைத் தூளால் கழுவி, வினாகிரி தொட்டுத் தேய்த்து, திரும்பக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, கல்வனைஸுக்கென்றே விற்கும் பிரைமர் பூசி, அதன் மேல்தான் எனாமல். வெறும் இரும்புக்கு ரெட் ஒக்சைட் பிரைமர் போதும். ஹார்ட்வெயார் கடையில் எதற்கென்று சொல்லிக் கேளுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

பழைய பலகையைச் சுரண்டும்போது தண்ணீர் தொட்டு ஈரமாகவே தேயுங்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கும். அந்தத் தூள் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் பறக்கவே கூடாது.

எனாமல் காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துத்தான் இறுகுகிறது. குளிரில் அது மெதுவாக நடக்கும். நடுவில் பனி இறங்கினால் மினுமினுப்புப் போய் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிடும். ஜூலையில் பண்டாரவளைப் பக்கம் பின்னேரத்துக்குள் தொடலாம் என்ற பதத்துக்கு வரும் அதே டின் எனாமல், ஹட்டனில் அடுத்த நாளும் விரலில் ஒட்டும். அங்கே அது வறண்ட காற்றுக் காலம், இங்கே மழைக் காலம். எங்கள் திம்புள்ள பக்கத்துத் தோட்டங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை குவாலிட்டி சீசன், வறண்ட காற்றில் நல்ல தூள் வரும் காலம் என்று தேயிலைக்காரர்கள் சொல்வார்களே, பலகைக்கும் அதுவே நல்ல காலம். பெரிய வேலைகளை நான் அந்த மூன்று மாதத்துக்கு ஒதுக்கிவிடுவேன். மற்ற மாதங்களில் வெயில் பலகையில் விழுந்த பிறகு, ஒன்பதரை மணி போல் தொடங்கி, மூடுபனி ஏறுவதற்கு முன் நிறுத்துவேன். சந்தேகமாக இருந்தால் ஈரத் துணியால் பலகையில் ஓரிடத்தைத் துடையுங்கள். கால் மணி நேரத்தில் காய்ந்தால் எழுதலாம். காயவில்லையென்றால் அன்றைக்கு வேறு வேலை பாருங்கள்.

எனாமலை நீர்க்கச் செய்ய டேர்பன்டைன் மட்டும், அதுவும் சில துளிகள். மண்ணெண்ணெய் பிரஷ் கழுவத்தான். வர்ணத்தில் ஊற்றினால் காய்வது இன்னும் பிந்தும், மினுப்பும் மங்கும்.

பிரஷ்

பலகைக்கு அணில் மயிர் பிரஷ், சப்பட்டையில் ஒன்று, உருண்டையில் ஒன்று. நல்லதாக இரண்டு, சுமாராகப் பத்தைவிட மேல். அக்ரிலிக்குக்கு நைலோன், மயிர் பிரஷ் அதில் வீணாகிவிடும். கடையில் பிரஷின் முனை கூராக நிற்பதைப் பார்த்து நம்ப வேண்டாம், பசை போட்டு நிறுத்தியிருப்பார்கள். ஒரு சிரட்டைத் தண்ணீர் கேட்டு, நனைத்துப் பசையைக் கரைத்து, ஒரு உதறு உதறுங்கள். உருண்டை பிரஷ் தானாகக் கூராகக் கூட வேண்டும், சப்பட்டை கத்தி விளிம்புபோல் நேராக வர வேண்டும். வால் பிரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எனாமல் பிரஷை மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெயில் தோய்த்து வைத்தால் வருஷக் கணக்கில் உழைக்கும். அந்த எண்ணெய் காயாத எண்ணெயாக இருக்க வேண்டும். ஆளி விதை எண்ணெய் தானே இறுகிவிடும். தேங்காய் எண்ணெய் கீழ்நாட்டில் சரி. 24 பாகைக்குக் கீழே அது உறைகிற எண்ணெய் என்பதால் இங்கே காலையில் பிரஷ் மெழுகுதிரி மாதிரி நிற்கும், மயிரும் வளைந்துவிடும். புது எஞ்சின் ஒயில் கொஞ்சம் வாங்கி வையுங்கள். பிரஷைத் தோய்த்து, விரலால் வடிவம் பிடித்து, தட்டில் படுக்கவைத்து மூடுங்கள். அடுத்த நாள் எழுதும் முன் அந்த எண்ணெயை மண்ணெண்ணெயில் முழுவதும் கழுவி, டேர்பன்டைனில் ஒருமுறை அலசி, பழைய சாரத் துணியில் துடையுங்கள். துணியில் எண்ணெய்க் கறை தெரியாமல் போகும் வரை துடைத்த பிறகு டின்னைத் திறங்கள்.